டோல்கேட் பேனரில் என் தலை

ஆசியப் போட்டி முடிந்து சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றபோது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். 'இந்திய ரக்பி வீராங்கனையே வருக வருக' என்று பெரிய பேனர். அதில் கையில் கப்போடு சிரித்துக்கொண்டு நான் நிற்கிறேன். குப்பென்று வியர்த்துவிட்டது. கப்பாம், கப்பு! ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றுவிட்டல்லவா வந்திருந்தோம்.

தலை மட்டும்தான் என்னுடையது. உடம்பு யாருடையது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முழங்காலில் சுற்றிய கறுப்பு டேப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்த அணியின் கேப்டன் அவள். நாங்கள் ஆடுவது செவன்ஸ் என்கிற சின்ன ரக்பி; ஒரு பக்கத்துக்கு ஏழே பேர், ஒரு பாதிக்கு ஏழே நிமிடம். மைதானமோ பெரிசு. ஒருத்தி ஆளைக் கோட்டை விட்டால் பின்னால் மறிக்க யாரும் இருக்கமாட்டார்கள். நான் விட்டேன். அவள் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்து வெறும் புல்லைப் பிடித்தேன். அவள் ஓடிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை நிதானமாகத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தாள். அவள் கழுத்துக்கு மேல்தான் இப்போது என் முகம்.

பேனர் வைத்தவன் என் அண்ணன். கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். பையை இறக்கி வைப்பதற்கு முன்பே அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னா வேலை இது? யாரு ஒடம்பு அது?"

"நெட்ல ரக்பின்னு போட்டேன் பாப்பா. கப்போட ஒரு பொண்ணு நின்னுகினு இருந்துச்சு. சட்டை பச்சையா இருந்துச்சு, பிரிண்ட் கடைக்காரன் நீலமா மாத்திட்டான். சோக்கா கீதுல்ல?"

"மண்ணாங்கட்டி. அவளாண்டதான் நாங்க தோத்தோம்."

அவன் முகம் சுருங்கிப்போனது. "போன்ல நல்லா ஆடுனோம்னு சொன்னியே?"

சொன்னேன்தான். அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"நைனாவாண்ட வாயத் தொறக்காதே," என்றான். "சாயங்காலம் கோயிலாண்ட மேடை போட்டாச்சு."

நைனா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நான் டவுசர் போட்டு மண்ணில் உருள ஆரம்பித்த நாளிலிருந்து கரையில் யாரும் அவரை விட்டுவைத்ததில்லை. "இன்னா மாமு, உம் பொண்ணு இன்னிக்கு யாரை உருட்டுச்சு?" என்று வலை பிரித்துக்கொண்டே கேட்பார்கள். நைனா சண்டைக்குப் போகமாட்டார். தன் வலையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார். அப்படியே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். அதே ஆட்கள் அன்று சாயங்காலம் எனக்கு முன்னால் அவரை மேடையேற்றி அவர் தோளில் சால்வை போட்டார்கள். வெள்ளைச் சட்டையில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் நாளைக்குக் கரையில் எங்கே போய் உட்காருவார்?

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தோற்றதை நான் சொல்லவில்லை. எங்கள் அணியின் கதையைச் சொன்னேன். நம் நாட்டில் பெண்களுக்கு இப்படியொரு அணி வந்தே ரொம்ப காலம் ஆகவில்லை என்றேன். கபடியிலும் கோகோவிலும் ஓட்டப்பந்தயத்திலும் இருந்த பெண்களைப் பிடித்துவந்து, முட்டை மாதிரி இருக்கிற அந்தப் பந்தைக் கையில் கொடுத்ததைச் சொன்னேன். பந்தைப் பின்னால்தான் வீச வேண்டும், ஆனால் முன்னால்தான் ஓட வேண்டும் என்றதும் ஜனம் சிரித்தது. எவ்வளவோ அடி வாங்கி, ஆசிய அளவில் ஒருமுறை வெள்ளி வாங்கிய அணி இது என்றேன். எல்லாம் நிஜம். ஆனால் அந்த வெள்ளியை வாங்கியபோது அணியில் நான் இல்லை. எனக்கு முன்னால் ஆடிய அக்காமார்கள், பல்லும் தோள்பட்டையும் உடைந்து வாங்கியது அது. நான் வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்தினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளி மெடலை எடும்மா. கையில வெச்சுப் பாக்கறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளி என்னுடையது இல்லை, போன இடத்தில் தோற்றோம், பேனரில் இருப்பவளை விட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சால்வையை எடுத்து மெதுவாக மடித்தார்.

"ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

"அண்ணனைத் தவுர ஒருத்தருக்கும் தெரியாது நைனா."

"சரி. துன்ட்டுப் படு."

மறுநாள் காலை போட் கரையேறியதும் மீனைக் கூடையில் அள்ளிப் போட நானும் போயிருந்தேன். மீன் வாங்க வந்த வியாபாரி ஒருவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா மாமு, பொண்ணு கப்பு வாங்கியாந்துச்சாமே?" என்றார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"கப்பு இல்லபா, வெள்ளி மெடலு," என்றார் நைனா. "வூட்ல பத்திரமா கீது."

விலை இறங்கினாலும் பரவாயில்லை என்று, ஐஸில் கிடந்த மீனை ஐஸில் கிடந்த மீன் என்று சொல்லியே விற்கிற மனுஷன். மெடல் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.