கல்யாணக் கார்டில் ஒரு பிழை

தம்பி மகளின் கல்யாணக் கார்டு சரிபார்க்க வந்திருந்தது. பிரித்ததும் புது மை வாசனை. என் பெயருக்குக் கீழே 'ஆசிரியை, மேல்நிலைப் பள்ளி'. இருபது வருஷமாக நான் நடுநிலைப் பள்ளியில்தான் இருக்கிறேன்.

இதே வாசனை, எனக்குப் பன்னிரண்டு வயதில், குலசேகரம் வீட்டில். சித்தியின் கல்யாணக் கார்டில் எல்லார் பெயருக்கும் கீழே உத்தியோகம் போட்டிருந்தது. நடுநிலைப் பள்ளி டீச்சரான அம்மாவை மாமா உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றியிருந்தார்.

"மாப்பிள வீட்டுக்காரங்க நம்மளக் கொறச்சலா நெனச்சிரப்பிடாதுல்லா" என்றார்.

அம்மா கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடும் வீடுகளிலிருந்து வந்த, அதே புகை மணக்கும் ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிழைக்கும் கீழே சிவப்பு மையில் 'மூன்று தடவை எழுது'. ஊர்ப் பிள்ளைகளின் பிழையெல்லாம் தெரிகிறது, இது மட்டும் தெரியவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது தம்பிக்குப் போன் போட்டேன்.

"எக்கா, ஒனக்கு ஒரு கௌரவமா இருக்கட்டும்னுதான்..."

"ஏலே, பதவி உயர்வு வந்தப்போ வேண்டாம்னு எழுதிக் கொடுத்தவ நான். ஏழாங்கிளாசுல பின்னம் புரியாத பிள்ள பிளஸ் டூவுல போயி என்ன செய்யும்? எனக்கு இல்லாத கொறச்சல் ஒனக்கு எங்கேருந்து வந்துது?"

போனை வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து 'மேல்நிலை'யை அடித்தேன். 'நடுநிலை' என்று எழுதி, அதன் கீழே 'மூன்று தடவை எழுது' என்று போட்டு, படம் பிடித்து அவனுக்கே அனுப்பினேன்.