அணைத்து வைத்த கோடு

ரோசலின் மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தெருவில் நின்றிருந்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிப் போகிற தெரு அது. புதிதாக வைத்த வேப்பங்கன்றை ஏதோ ஓர் ஆடு மேய்ந்துவிட்டிருந்தது. ஆட்டுக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது மேடத்தின் மகள் ஜெனிட்டா போனில் அழைத்தாள். "அங்கிள், அம்மா காலைல போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லோணும்னு தோணுச்சுங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆறுதல். அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டிருந்தால் இந்தப் போனை எப்படித் தாங்கியிருப்பேன் என்றுதான் நினைத்தேன். கேட்டாயிற்று. நல்லவேளை. அழுகை பிறகு, குளித்துவிட்டுச் சட்டை மாட்டும்போது வந்தது.

எங்கள் பழைய ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள், எங்கள் லேக் வியூ குடியிருப்பில் இருக்கிறவர்களும் படிப்பீர்கள். உங்களில் பாதிப் பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நான்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் தப்புச் செய்தவன் நான்.

காந்திபுரத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. நான் கட்டட இன்ஜினியர், முதலாளி. அவர் படம் வரைபவர். பத்தொன்பது வருடம் எங்கள் கட்டடங்கள் எல்லாம் முதலில் அவருடைய கம்ப்யூட்டரில்தான் எழும்பின. கீழே டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துத் தீர்க்கும்; அவர் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. கொங்கு நாட்டில் பிறந்தும் எனக்குச் சொல்லுக்குச் சொல் மரியாதையாகச் சேர்க்கிற அந்த 'ங்க' வராது. சைட்டில் கத்திக் கத்திப் போய்விட்டது. என் பங்கையும் சேர்த்து அவரே போட்டுக்கொண்டிருந்தார். அவரோடு பழக ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "ஆகட்டுங்க சார்" என்றால் வேலை நடக்கும். "பாக்கறனுங்க சார்" என்றால் நடக்காது. இது தெரியாமல் காத்துக்கிடந்த மேஸ்திரிகள் நிறையப் பேர்.

தொண்டாமுத்தூர் ரோட்டுப் பக்கம், குளக்கரைக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடம் வாங்கினோம். இருபத்துநாலு வீடுகள் கட்டத் திட்டம். 'லேக் வியூ' என்று பெயர் வைத்தவன் நானே. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி எட்டிப்பார்த்தால் குளத்தின் ஒரு மூலை தெரியும். அந்த இடத்தின் ஓரமாக ஓர் இட்டேரி போயிற்று. இரண்டு பக்கமும் முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குப் பாதை. இதைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். பின்னால் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சின்னச்சாமிக்கு அதுதான் வழி. பழைய அளவைப் படத்தில் அது இருந்தது. ரோசலின் மேடம் அதைப் பார்த்து எங்கள் படத்திலும் புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

"இதை அழிச்சிருங்க" என்றேன்.

"தோப்புக்காரரு எப்படிங்க சார் போவாரு?"

"முள்ளு மண்டிக் கிடக்குது. யாரு போறா அதுல? எட்டுக் கார் நிறுத்தலாம், தெரியுமா?"

"பாக்கறனுங்க சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் கோடில்லாத படம் வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது என் மேஜைமேல் படம் இருந்தது. கோடு இல்லை. அதைத்தான் அனுமதிக்குக் கொடுத்தேன். இட்டேரியை உள்ளே தள்ளிச் சுற்றுச்சுவர் எழுந்தது. சின்னச்சாமி ஒரே ஒரு முறை வந்து கேட்டார். "குளத்துக் கரைமேல வழி இருக்குதே, சுத்திப் போங்க" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் பதினோரு வருடம் தேங்காய் மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு சுற்றித்தான் போனார். நானும் அங்கேயே முதல் மாடியில் ஒரு வீடு எடுத்துக்கொண்டேன். அவர் மொபெட் சத்தம் கேட்கும்போது ஜன்னல் பக்கம் போகமாட்டேன்.

பிறகு ஆபீசை மூடினேன். எல்லாரும் மின்விசிறி, நாற்காலி என்று கேட்டு வாங்கிப் போனார்கள். மேடம் மட்டும், "அந்தப் பழைய கம்ப்யூட்டரை நா எடுத்துக்கட்டுங்களா சார்?" என்றார். ஓடாத பெட்டியை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

போன வருடம் ஆடி மாதம் எங்கள் குடியிருப்புக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நீர்நிலையை ஆக்கிரமித்துக் கட்டிய கட்டடம், ஏன் இடிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நீர்நிலையின் பெயர் என்ற இடத்தில் 'இட்ட ஏரி' என்று தட்டச்சாகியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூடினோம். எங்கள் சங்கச் செயலாளர் வேலுச்சாமியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மேட்டுப்பாளையம். "பொண்ணு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்குதுன்னு தெரிஞ்சா என்னங்க நெனைப்பாங்க? ஏனுங்க இன்ஜினியர், நீங்க கட்டுனதுதான? சொல்லுங்க" என்றார். இருபத்துநாலு குடும்பமும் என்னைப் பார்த்தது. எல்லாரும் நின்றிருந்தது அந்த இட்டேரியின் மேல்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாளே நோட்டீசை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். அப்போதே அவருக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர், தாளை மடியில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இட்டேரீங்க சார்! இட்ட ஏரியாக்கிப்போட்டாங்க."

எனக்கு உயிர் வந்தது. நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர், கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஊரில் தண்ணீர் தேங்கினால் ஏரி. எங்கள் ஊரில் எல்லாமே குளம்தான். அவருக்கு இட்டேரி எப்படித் தெரியும்? இதைச் சொன்னால் முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார்" என்றார் மேடம். சிரிப்பு போயிருந்தது. "இட்டேரின்னு சொன்னா, அது எங்க போச்சுன்னும் சொல்லோணுமுங்களே."

"நம்ம படத்துலதான் அந்தக் கோடே இல்லையே."

"இருக்குதுங்க. நா அழிக்கலீங்க சார். அணைச்சுத்தான் வெச்சேன்."

படம் வரையாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் படத்தில் சுவர் ஒரு லேயர், குழாய் ஒரு லேயர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்கலாம். வேண்டாததை அழிக்கலாம், இல்லையென்றால் விளக்கை அணைப்பதுபோல அணைத்து வைக்கலாம். அணைத்தால் பார்வைக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். ஆபீசிலிருந்து கொண்டுபோன பழைய கம்ப்யூட்டரை மேடம் சரிசெய்து வைத்திருந்தார்; அதில் அந்தக் கோட்டை விளக்குபோல மறுபடி எரியவிட்டுப் புதிதாக எடுத்த பிரிண்ட் ஒன்றையும் ஒரு பென்டிரைவையும் மறுநாள் என்னிடம் கொடுத்தார். "காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டமுங்க. நீங்க போனா நானும் வாரேனுங்க" என்றார்.

காட்டினால் வீடுகள் பிழைக்கும். எட்டுக் கார் நிறுத்துமிடம் போகும், அதோடு என் பெயரும் போகும். காட்டாமல் வெறும் வார்த்தை விளையாட்டில் தப்பிக்கவும் வழி இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் இருவரும் போனோம்; டாக்டர் சொன்னதைக் கேட்காமல் மேடம் நின்று நின்று படியேறினார். அதிகாரி நல்ல மனிதர். "என்னம்மா பண்றது? பேப்பர்ல ஏரின்னு இருக்குது. போய்ப் பார்த்தா கட்டடத்துக்குப் பேரே லேக் வியூ. நான் வேற என்னன்னு நெனைப்பேன்?" என்றார்.

"எங்கூருல இட்டேரீல தண்ணி போகாதுங்க. நாலு ஆடும் ஒரு வண்டியும்தானுங்க போகும்" என்றார் மேடம்.

அதிகாரி சிரித்துவிட்டு, "சரி, அந்த வழி இப்ப எங்க?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பிரிண்டை விரித்தேன். "நான்தான் அதை உள்ள போட்டுச் சுவர் வெச்சேன்" என்றேன். எத்தனையோ வருடமாகத் தோளில் இருந்த சிமெண்டு மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. படியிறங்கும்போது, "உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் மேடம், மன்னிச்சிருங்க" என்றேன். "அதுக்கென்னுங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

நேரில் வந்து அளந்து பார்த்தார்கள். நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. சுவரை எடுத்து வழியை விட வேண்டும் என்று உத்தரவாயிற்று. இதைச் சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். வீடு தப்பித்த நிம்மதியும் என்மேல் கோபமும் ஒரே முகத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். கார் நிறுத்த இடமில்லாமல் போனவர்களில் வேலுச்சாமியும் ஒருவர். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சுவர் இடிந்ததும் தெருவை எப்படி அமைப்பது என்று மேடம்தான் வரைந்து கொடுத்தார். அகலம் போதுமா என்று பார்க்க ஒருநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, என்னையும் வேலுச்சாமியையும் நடுத்தெருவில் நிற்கச் சொன்னார். "ரெண்டு பேரு நின்னு பேசிட்டிருக்கையில மூணாவது ஆளு தலச்சுமையோட ஒதுங்காம போவோணுமுங்க. அப்பத்தான் அது தெரு" என்றார். சின்னச்சாமி தேங்காய்க் கூடையோடு அந்தக் கோடியில் தயாராக நின்றார். நாங்கள் இரண்டு பேரும் கம்பம் நட்டதுபோல நின்றோம்.

"பேசுங்க. பேசாம நின்னா கணக்காவாதுங்க" என்றார் மேடம்.

வேலுச்சாமி தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்துக்கொண்டு, "தையில கல்யாணமுங்க. வந்துருங்க" என்றார். சின்னச்சாமி எங்களை உரசாமல் கடந்து போனார். மேடம் நோட்டில் அகலத்தைக் குறித்துக்கொண்டார். தையில் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வரிசையாக வந்து நின்றது அந்த இட்டேரியில்தான். அன்று மேடம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் வேண்டாம் என்ற ஜாங்கிரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு லேக் வியூவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தோம். வேலுச்சாமி சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சின்னச்சாமிக்கு ஜெபம் தெரியாது. எல்லாரும் முடிக்கிற வரைக்கும் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டு, ஒரு கை மண் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மேஜை டிராயரில் கிடந்த அந்தப் பென்டிரைவை எடுத்தேன். அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. பிரிண்டே போதுமானதாக இருந்தது. படம் திரையில் வந்தது. லேயர்களின் பட்டியலைப் பார்த்தேன். சுவர், கதவு, குழாய், மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தார். கடைசியாக இட்டேரியின் லேயர் இருந்தது. அதற்கு இட்டேரி என்று பெயர் இல்லை. 'சார் கேக்கறப்ப' என்றிருந்தது. பக்கத்தில் தேதியும் இருந்தது. நான் கத்திவிட்டுப் படியிறங்கிப் போன அதே நாள்.

பதினோரு வருடம் அவர் என்மேல் கோபமாக இருந்ததாக நான் நினைத்திருந்தேன். நான் கேட்பேன் என்று இருந்திருக்கிறார். நானாகவும் கேட்கவில்லை, ஏரி ஒன்று வந்துதான் கேட்கவைத்தது. ஆனாலும் அவர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுத வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். அந்த லேயரை எரியவிட்டே வைத்திருக்கிறேன்.

கேட்டுட்டேனுங்க, மேடம்.