முதல் மேசையில் சுறாக்குட்டி

தில்லைநாயகம் சாரைப் பற்றி எழுதும்போது மாலை, பொன்னாடை என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்கு வராது. தென்காசியில் ஆசிரியர் சங்கத்துக்கு நான் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒழுங்கான உறுப்பினர். ஊர்வலத்துக்கு வருவார். கடைசி வரிசையில் நடப்பார். கோஷம் போடும்போது வாய் அசையும், சத்தம் வராது. அவர் தலைகுனிந்த கதை இது. அவரே சொன்னது. "பேரைப் போட்டே எழுதுங்க அண்ணாச்சி. மறைச்சு எழுதுனா அதுவும் ஒரு பயம்தான்" என்றார்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவரின் மகன். திருநெல்வேலியில் விலங்கியல் படித்தார். கல்லூரியில் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனபோது, வலையிலிருந்து உதறிப் போட்ட ஒரு நட்சத்திர மீனை உள்ளங்கையில் எடுத்து வைத்திருக்கிறார். உயிரோடு இருந்தது. அதன் அடியில் வரிசை வரிசையாக இருந்த குழாய்க்கால்கள் கைத்தோலை மெல்லப் பிடித்தன. உடம்புக்குள் ஓடும் கடல் தண்ணீரின் அழுத்தத்தில் நடக்கிற பிராணி. தலை கிடையாது, மூளை கிடையாது. அப்படியும் கையை விடமாட்டேன் என்கிறது. அன்றைக்கு முடிவு செய்தார், இந்தப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுப்பதென்று.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே வேலை கிடைத்தது. அவர் பாடம் நடத்துவதைப் பழைய மாணவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். உயிரினங்களை வகை பிரிப்பது என்றால் யார் யாருக்கு என்ன சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் என்பார்.

"கணவாய் மீனுக்குக் கண்ணு நம்ம கண்ணு மாதிரியே இருக்கும். ஆனா அது நமக்கு தூரத்துச் சொந்தம். நட்சத்திர மீனுக்குக் கண்ணும் இல்ல மண்ணும் இல்ல. அதுதான் நமக்கு நெருங்கின சொந்தம். ஏன்? கருவுல முதல்ல உண்டாகுற துளை அதுக்கும் நமக்கும் குதமா மாறுது. வாய் ரெண்டாவதாத்தான் திறக்குது."

கடைசி பெஞ்சில் ஜெனோ எழுந்திருப்பான். "சார், அப்ப நட்சத்திர மீன் நமக்கு மச்சான் முறையா, சித்தப்பா முறையா?"

"பங்காளி முறைலே. ஒரே பாட்டனுக்குப் பொறந்து எப்பவோ பாகம் பிரிஞ்சவங்க. அவங்க முட்தோலி ஆனாங்க, நாம முதுகுநாணி ஆனோம்."

"பங்காளின்னா பேச்சுவார்த்தை இருக்காதே சார்."

வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார். இதெல்லாம் நல்ல பக்கம். மற்ற பக்கத்துக்கு வருகிறேன்.

பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்த வருஷங்கள் அவை. செய்முறைத் தேர்வு என்று ஒன்று நடக்கும். ஆய்வகத்தில் மேசை மேசையாக பார்மலின் ஜாடிகளை வைப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்த்து, அது என்ன, எந்தத் தொகுதி, என்ன அடையாளம் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், எக்ஸ்டர்னல் என்பார்கள். சட்டம் இவ்வளவுதான். வழக்கம் வேறு. எந்த மேசையில் எது இருக்கும் என்று முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிடுவார்கள். தேர்வாளர் கையில் கொடுக்கும் விடையும் அதே வரிசை. எல்லாருக்கும் முழு மார்க். தலைமையாசிரியருக்கு நூறு சதவீதம். இது ஒரு பள்ளிக்கூடத்து நோய் மட்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

தில்லைநாயகமும் சொன்னார். "முதல் மேசை நட்சத்திர மீன். அடுத்து கடல் வெள்ளரி. மூணாவது கடல் குதிரை. கடைசி சுறாக்குட்டி. மனப்பாடம் பண்ணிக்கோங்க." நட்சத்திர மீனைக் கையில் ஏந்திய அதே மனிதர்.

தேர்வன்று காலையில் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்க வந்த மூக்கம்மாள் ஜாடிகளை இறக்கி வைத்து, மேசைகளைத் துடைத்துவிட்டு, உயரமான ஜாடி முன் மேசையில், குட்டையானது பின் மேசையில் என்று அழகாக அடுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் அறிந்த வகைப்பாடு அது. அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எண் எழுதிய அட்டை மேசையில்தான் ஒட்டியிருந்தது, ஜாடியில் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேர்வாளராக வந்திருந்த கிருபா டீச்சர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. அவருக்கு மாநில எல்லையோரக் கடையின் பார்டர் பரோட்டா வாங்க ஆள் அனுப்பும் வேலையில் தில்லைநாயகம் வராந்தாவில் நின்றார். உள்ளே, முதல் மேசை முன்னால் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். கண் முன்னால் சுறாக்குட்டி. வால் வளைந்து, வாய் பிளந்து, செவுள் பிளவுகள் தெளிவாகத் தெரிய, நல்ல முதுகெலும்புள்ள ஒரு சுறாக்குட்டி.

"ஏலே, இது சுறால்லா?" என்று கிசுகிசுத்தான் ஜெனோ.

பக்கத்தில் நின்ற பிரின்ஸ் பேனாவை நிறுத்தவே இல்லை. "சார் சொன்னத எழுதுலே. எக்ஸ்டர்னல் கையிலயும் அதான் இருக்கும்."

எழுதினார்கள். நட்சத்திர மீன். முட்தோலி. ஐந்தாரச் சமச்சீர். குழாய்க்கால் உண்டு, முதுகெலும்பு இல்லை. சுறாவைப் பார்த்துக்கொண்டே எழுதினார்கள். யாருக்கும் கண் தெரியாமல் இல்லை.

ஒருத்தி மட்டும் எழுதவில்லை. வடகரையிலிருந்து பஸ்ஸில் வரும் இசக்கிச்செல்வி. அப்பா ராணுவத்தில். வீட்டில் தென்னைக்கும் நெல்லுக்கும் அம்மாதான். அவள் ஜாடியைப் பார்த்தாள், கதவுப்பக்கம் திரும்பி சாரைத் தேடினாள், காணவில்லை. சுறா என்று எழுதினாள். முதுகுநாணி என்று எழுதினாள். நான்கு மேசையிலும் பார்த்ததையே எழுதினாள்.

சாப்பாடு முடிந்ததும் கிருபா டீச்சர் திருத்த உட்கார்ந்தார். கொடுத்த வரிசையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு சரசரவென்று டிக் அடித்தார். "ஐந்தருவில தண்ணி விழுதா சார்? இவ்வளவு தூரம் வந்துட்டு தலைய நனைக்காம போனா வீட்டுல கேப்பாங்க."

"நூலு மாதிரி விழுது மேடம். நனையலாம்."

"எல்லாப் பிள்ளைகளும் நல்லா எழுதியிருக்கு. இந்த ஒண்ணு மட்டும் தலைகீழா எழுதி வச்சிருக்கு. முதல் மேசை சுறாவாம்."

தில்லைநாயகம் எழுந்தார். இதோ வருகிறேன் என்று ஆய்வகத்துக்குப் போனார். பார்த்தார். முதல் மேசையில் சுறாக்குட்டி.

திரும்பி வந்த அந்த வராந்தாவைத்தான் அவரால் மறக்க முடியவில்லை என்கிறார். உண்மையைச் சொன்னால் மொத்த வகுப்பும் எப்படி ஒரே தப்பை எழுதியது என்ற கேள்வி வரும். தலைமையாசிரியர் வரை போகும். தன் வேலை வரை வரும். சொல்லாவிட்டால் சரியாக எழுதிய ஒரே பிள்ளைக்கு முட்டை. அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். கோழைக்கு எப்போதும் மூன்றாவது வழி கிடைத்துவிடும்.

"நல்லா படிக்கிற பிள்ளைதான் மேடம். பயத்துல மாத்தி எழுதிருப்பா. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

கிருபா டீச்சர் இரக்கப்பட்டுப் போட்டார். மற்றவர்களுக்கு முழு மார்க். செல்விக்கு மட்டும் குறைத்து, பாஸ் ஆகிற அளவுக்கு. விடைத்தாள்களைக் கட்டாகக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தாயிற்று.

ஆட்டோ வாசலில் நின்றது. பஸ்ஸுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளுக்குள் செல்வியும் நின்றாள். கிருபா டீச்சர் நல்ல மனசுக்காரர். அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தோளைத் தட்டினார். "பயப்படாம எழுதணும்மா. உங்க சார் சொன்னதுனாலதான் மார்க் போட்டேன்."

"நான் பயப்படலையே மேடம்." செல்வி சார் பக்கம் திரும்பினாள். "சார், மொத மேசைல சுறாதான இருந்துச்சி?"

தில்லைநாயகம் நின்றார். கிருபா டீச்சர் அவரைப் பார்த்தார். ஆட்டோக்காரர்கூடப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"நீ போம்மா, பஸ் வந்துரும். திங்கக்கிழமை பேசுவோம்" என்றார்.

செல்வி மற்ற பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள். கிருபா டீச்சருக்கு ஏதோ புரிந்திருக்கும் போல. கையிலிருந்த கட்டின் அரக்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை தில்லைநாயகம் சொன்னார். வகுப்பு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். செல்வி எழுதியதுதான் சரி, நான் கொடுத்த வரிசை தப்பு, அவள் பயந்து எழுதினாள் என்று நான் சொன்னது பொய் என்றார். பிறகு ஜெனோ கையைத் தூக்கினான்.

"சார், எங்க மார்க் மாறாதுல்லா?"

"மாறாது."

வகுப்பு மொத்தமும் மூச்சு விட்டது. செல்வி தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தைப் புரட்டினாள். அவள் மார்க்கும் மாறாது என்பது அவளுக்கும் கேட்டிருக்கும். மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தால் ஒருவேளை மாறியிருக்கும். கட்டுக்கு முத்திரை வைத்த பிறகு, யாருக்கும் எந்தச் சேதமும் வராத இடத்தில் நின்றுகொண்டு அவர் உண்மை பேசினார். இதை நான் முகத்துக்கு நேராகவே அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் வரிசை சொல்ல மாட்டேன் என்றார். தலைமையாசிரியர் சத்தம் போடாமல் செய்முறைத் தேர்வை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆசிரியர் வரிசையைச் சொன்னார். நூறு சதவீதம் வந்தது.

செல்வி இப்போது தென்காசியில் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். விலங்கியல் எடுக்கவில்லை. சில நாள் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுவாளாம். "சார், நல்லா இருக்கீயளா?" என்று அவள்தான் முதலில் கேட்பாள். அவர் நல்லா இருக்கேம்மா என்று சொல்லிக்கொண்டே, எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிடுவார்.