மயிலின் கழுத்தில் இருந்த பிசிறு

பக்கத்து வீட்டுச் சீன அக்கா இறந்து வருஷம் திரும்புவதற்குள், அவர் சிவப்புத் தாளில் வெட்டிய பூ, மீன், சேவல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர் மகள் முடிவு செய்தாள். தாள்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சிப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, விடுமுறை நாளில் வந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். தாளை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். லிட்டில் இந்தியாவில் நாற்பது வருஷம் பூக் கட்டிய கை. என் விரலில் எந்தத் தாளும் கிழியாது.

அக்கா கத்தரிக்கோலைத் திருப்ப மாட்டார். அது அப்படியே நிற்கும், தாள்தான் சுற்றி வரும். அதனால் அவர் வெட்டிய ஓரம் எத்தனை பெரிதாக்கினாலும் வழவழவென்று இருந்தது.

கடைசியாக மயில் வந்தது. மகளுக்கு அதன்மேல்தான் உயிர். அம்மா கடைசியாக வெட்டியது, அதுதான் தொகுப்பின் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். திரையில் கழுத்து பெரிதானபோது வளைவெல்லாம் பிசிறு பிசிறாகத் தெரிந்தது.

"அவங்களுக்குக் கடைசில கை தளந்துபோச்சு போல லா, பாட்டி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, அந்தப் பெண் அதையே ஆங்கிலத்தில் படத்துக்குக் கீழே அடித்தாள்.

 கண்ணில் புரை விழுந்ததுமே கத்தரிக்கோலைக் கீழே வைத்தவர் அக்கா. ஒரு வெட்டுகூடத் தப்பாக விழக்கூடாது என்ற வைராக்கியம். அந்த வருஷத் தீபாவளிக்கு என் வாசலில் ஒட்டவென்று, அவர் தாளில் விரலால் கோடு காட்டிச் சொல்லச் சொல்ல, மயிலை வெட்டியது நான். பூக்காரிக்குக் கத்தரிக்கோலைத் திருப்பித்தானே பழக்கம். முடித்ததும் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒட்டக் கொடுக்காமல் தன் பெட்டியில் வைத்து மூடினார். எவ்வளவு பிடித்திருந்தால் தனக்கென்று வைத்துக்கொள்வார் என்று நான் பெருமைப்பட்டேன். பிசிறு விரலில் பட்டதால்தான் மூடி வைத்தார் என்று இப்போதுதான் புரிந்தது.

சொன்னால் மகளுக்கு அம்மாவின் மயில் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அக்காவின் கைக்குக் கெட்ட பேர்.

"அது அவங்க கை இல்லம்மா. என் கை."

மகளிடமும் மலாய் மொழியில் நானே சொன்னேன். அவள் மயிலைக் கையில் எடுத்தாள். "அம்மா கத்தரிக்கோலை எனக்குக்கூடத் தொடக் கொடுத்ததில்லையே" என்றாள். 

"ஒங்க பேர எப்படி போடணும், பாட்டி?" என்று கேட்டாள் படம் எடுத்த பெண்.

"எம் பேரு இருக்கட்டும். மொதல்ல கை தளந்துபோச்சுன்னு அடிச்சத அழி."

எனக்கு அந்த ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. வரியின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது குறைந்து குறைந்து, அந்த இடம் வெள்ளையாகும்வரை நான் உட்காரவில்லை.