வீரம்மாள் அடிக்காத ஹாரன்

விபத்து வழக்கு நடத்துகிற வக்கீலுக்குச் சொந்தக் கட்சிக்காரரின் வாய்தான் பெரிய கண்டம். போடியில் கறுப்புக் கோட்டு மாட்டித் திரிகிற என் சகாக்களும், ஒரு தடவையாவது கோர்ட்டு வராந்தாவில் கால்கடுக்க நின்ற நீங்களும் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

ஆளுக்கொரு காரணம்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு, போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, ஓடையில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ஏலக்காய் எடுக்கிற வீரம்மாள் அக்காவுக்கு மட்டும் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும். நஷ்ட ஈடு வந்தால்தான் ஆபரேஷன். அதற்கு டிரைவர் காளிமுத்துவின் அஜாக்கிரதை என்று நான் நிரூபிக்க வேண்டும்.

விசாரித்தேன். ஜீப்பு ஓனர், மூடுபனி என்றார். கூட வந்த பெண்கள், அன்றைக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை என்றார்கள். காளிமுத்து, லாரிக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினான். வீரம்மாள் அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “எல்லாம் என்னாலதாங்கய்யா.”

முன்சீட்டு உத்தியோகம்

எங்கள் ஊர் ஜீப்பில் டிரைவருக்கு இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கமும் ஒருவர் உட்காருவார்கள். நடுவில் நசுங்கிக்கொண்டுதான் டிரைவர் ஓட்டுவார். இந்த ஜீப்பில் ஹாரன் சுவிட்ச் வலது ஓரத்தில் இருந்தது. காளிமுத்துவின் கை அங்கே எட்டாது. அதனால் ஓரத்தில் உட்காருகிற வீரம்மாள் அக்காதான் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பாராம். அன்றைக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்ததில் கோட்டை விட்டுவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டினேன். “அக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இதைச் சொன்னா கேஸ் போச்சு!”

“கேட்டுட்டா பொய்யா சொல்றது? கைதான் போச்சு, நாக்காவது நல்லாருக்கட்டும்யா.”

கேட்டே விட்டார்கள்

அக்கா கூண்டில் ஏறியதும், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, “டிரைவர் ஹாரன் அடிச்சாரா?” என்பதுதான்.

“அவரு எப்படிய்யா அடிப்பாரு? அது என் சோலியாச்சே!”

நான் கேஸ் கட்டை மூடிவிட்டேன். பாவி மகளே, ஆபரேஷன் போச்சே என்று அழுகையே வந்தது. இன்சூரன்ஸ் வக்கீலுக்கோ வாயெல்லாம் பல். “ஆக, தப்பு உங்க மேல!” என்றார்.

நீதிபதி நிமிர்ந்தார். “அது ஏம்மா உங்க சோலி? டிரைவர் என்ன பண்ணுவார்?”

“அவருக்கு எட்டாதுய்யா. பாதி நேரம் ரோடே தெரியாது, நாங்கதான் ‘லாரி வருது, வெரசா ஒதுங்கு’ன்னு சொல்லுவோம். அன்னைக்கு நான் சொல்லலை.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. ஹாரன் எட்டாமல், ரோடு தெரியாமல் மலையில் வண்டி ஓட்டினால் அதுதானே அஜாக்கிரதை! என் பக்கம் திரும்பினார்.

“வக்கீல் சார், நீங்க உக்காருங்க. அந்தம்மாவே முடிச்சுட்டாங்க.”

பின்சீட்டு

நஷ்ட ஈடு வந்தது, ஆபரேஷனும் ஆனது. போன மாதம் டீக்கடை வாசலில் அதே ஜீப்பு, அதே நெரிசலோடு நின்றது. வீரம்மாள் அக்கா வலது கையில் கிளாசை அழுத்திப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் என் மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்திருந்தது பின்னால்.

“என்னக்கா, முன்சீட்டு வேண்டாமா?”

“அங்க உக்காந்தா மறுபடி உங்ககிட்டல்ல வரணும், அந்த அலைச்சல் யாருக்கய்யா ஆகும்!”

இத்தனை வருஷத் தொழிலில் நான் உட்கார்ந்தபடியே ஜெயித்த வழக்கு இது ஒன்றுதான், ஃபீஸை மட்டும் நின்று வாதாடிய கணக்கில் வாங்கிக்கொண்டேன்.