கவிழ்த்து வெட்டிய வெல்வெட்

சுலோசனா தையல் தொழிலில் இருந்தது இருபத்திரண்டு ஆண்டுகள்; அவற்றுள் வெட்டும் பொறுப்பில் இருந்தது பதினோரு நாட்கள். இந்தக் கணக்கை அவர் மறுக்கமாட்டார்.

உழவர்கரைக்கு அப்பால் நெல் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, மணமாகி நெல்லித்தோப்புக்கு வந்தவர். அங்கே அவர் வேலை செய்த கடையில் அளவெடுப்பதும் வெட்டுவதும் புருஷோத்தமன் மாஸ்டருக்கே உரியவை. பெண்கள் தைப்பார்கள், கொக்கி வைப்பார்கள், நாடா கோப்பார்கள். தானும் வெட்டுகிறேன் என்று சுலோசனா ஒருமுறை கேட்டார். மாஸ்டர் கடைக்கே கேட்கும்படி சொன்னார்: "நீ வெட்டுனா நான் நாடா கோக்கறதா? நல்லா இருக்கும்மா கூத்து."

ஆகவே அவர் வீட்டில், அக்கம்பக்கத்தாருக்கு மட்டும், ஆறு பீஸ் உள்பாவாடை வெட்டித் தந்தார். அந்தத் துண்டுகள் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் துணி மிச்சமாகும். அப்படி மிச்சம் பிடிப்பதில் அவருக்குத் தெருவில் பெயர் இருந்தது.

2006இல் ஜூலி என்பவர் குருசுக்குப்பத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தார். பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் மகள். பிரான்சில் வளர்ந்து, ஐம்பது வயதில் ஊர் திரும்பியவர். அந்நாட்டு நாடகக் குழுக்களுக்கு நூறாண்டுகளுக்கு முந்தைய பெண்களின் பாவாடைகளைத் தைத்து அனுப்புவது அவர் தொழில். பழைய வெட்டுத்தாள்களை அப்படியே மறுஅச்சிட்டு அங்கிருந்து தபாலில் அனுப்புவார்கள். ஜூலி அவற்றைப் பிரெஞ்சு வழக்கப்படி 'பத்ரோன்' என்பார்.

தைக்க வந்த சுலோசனா அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம உள்பாவாட மாதிரிதான் மதாம். ஒரு பீசு கூட. நான் வெட்டிடுவேன்" என்றார்.

"தெரியும்னா வெட்டு. மாஸ்டரு கீஸ்டரு இங்க யாரும் கெடையாது."

பருத்தியில் இரண்டு பாவாடைகள் குறையில்லாமல் அமைந்தன. அடுத்து வந்தது, நாடக நாயகிக்கு ஒயின் நிற வெல்வெட் பாவாடை. அது பிடித்துப்போனால் இன்னும் நான்கு வரும். சுலோசனாவை வெட்டும் பொறுப்பிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஜூலி சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்தே நேரு வீதிக்குப் போய்த் துணி எடுத்தார்கள். "மிச்சம் மூணு மீட்டருதான் இருக்குது. இந்தக் கலரு திரும்ப வராது, பாத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

திங்களன்று வெட்டினார். தாளுடன் வந்த படத்தில் ஏழு துண்டுகளும் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன. இப்படி வைத்தால் எவ்வளவு துணி வீணாகிறது என்று நினைத்தவர், மூன்று துண்டுகளைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றரை மீட்டர் மிஞ்சியது. அதை மடித்து ஜூலியின் மேசைமேல் வைத்தபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

செவ்வாய் காலை, இரண்டாம் துண்டை முதல் துண்டுடன் இணைத்துச் சன்னலருகே பிடித்தார். ஒன்று கறுத்தும் மற்றது வெளுத்தும் தெரிந்தன. தடவிப் பார்த்தார். ஒரு துண்டில் கை வழுக்கிக்கொண்டு போயிற்று, மற்றதில் தடுத்தது. வெல்வெட்டின் முடி ஒரே பக்கமாகப் படியும் என்பது உள்பாவாடைத் துணியில் பழகிய கைக்குத் தெரிந்திருக்கவில்லை. படத்தின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

ஜூலி அடுத்த அறையில்தான் இருந்தார். கடையில் மூன்று மீட்டர் இருந்தது. மிச்சத்துடன் அதையும் சேர்த்தால் மூன்று துண்டுகளை மீண்டும் வெட்டிவிடலாம். இவ்வளவையும் சுலோசனா நினைத்தார். மாஸ்டரின் கேலியையும் நினைத்தார். மேடை விளக்கில் தெரியாமல் போகலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, மூன்றாம் துண்டை எடுத்து இணைத்தார்.

புதன் மாலை பாவாடையைப் பொம்மைக்கு அணிவித்தபோது, அது கோடு போட்ட குடைபோல நின்றது. ஜூலி அப்போதே கடைக்கு ஓடினார். மிச்சத் துணியை அன்று மதியம் யாரோ திரைச்சீலைக்கு வாங்கிப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்தவர் பாவாடையைப் பொம்மையிலிருந்து கழற்றினார். பிறகு, "இது எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?" என்றார்.

"நேத்து காலையில மதாம்."

"நேத்து காலையில."

நாடகக் குழு வேறிடத்தில் ஒரு பாவாடையை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. நான்கு பாவாடைகளும் வரவில்லை. ஜூலி அவரை நிறுத்திவிடவில்லை. "நீ தையி, சுலோசனா. வெட்டறதுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வேலைக்கு அமுதவல்லி என்ற இளம்பெண் வந்தாள். ஆறு மாதம் கழித்து ஒருநாள், பச்சை வெல்வெட்டில் ஒரு துண்டை வெட்டி முடித்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மதாம், கவுத்து வெட்டிப்புட்டேன்."

ஜூலி வந்து பார்த்தார். "கண்ண எங்க வச்சிருந்த, கழுத? சரி, அதுல ஒரு கைப்பை தைச்சிக்கலாம். கட மூடறதுக்குள்ள போயி ஒரு மீட்டரு வாங்கியா."

அமுதவல்லி சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். ஜூலி தொலைபேசியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சுலோசனா மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. ஊசியின் கீழ் இருந்த தையல் மட்டும் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது.