மெதுவாக ஓடக் கற்ற கனகேஸ்வரி

1988ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பட்டர்வொர்த் ஜெட்டியில் கனகேஸ்வரி தன் கணவரை விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறிவிட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. சுங்கை பாக்காப்பில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் அக்கரையிலிருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார்கள். கதவை மூடப் போகும் மணி அடித்தது. "வாங்க, ஓடிப் பிடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஏறித் திரும்பிப் பார்த்தால், அப்புத்துரை கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா கொடுத்த பலாப்பழப் பையோடு நின்றுகொண்டிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் நடுவே வந்த பிறகுதான் சிரிப்பு நின்று கண் கலங்கியது. நெஞ்சு திம் திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த அடியை அவள் பதினெட்டு வருடமாகக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் கிராஸ் கண்ட்ரி ஓட்டக்காரி. இரண்டு மைலில் அவளை முந்த மாநிலத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் நாள் முழுக்க டைப் அடிக்கும் கிராணி வேலை, பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய நாட்களில் ஓட்டத்துக்கு இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அடுத்த ஃபெர்ரியில் பையைச் சுமந்து மூச்சு வாங்க வந்திறங்கிய அப்புத்துரையிடம் அவள் சொன்னாள்: "என்னங்க, நான் மறுபடி ஓடப் போறேன்."

"இன்னிக்கு ஓடினது போதாதா?" என்றார் அவர். கோபமில்லை. பையை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் மகளுடைய வெள்ளைப் பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தண்ணீர்மலைப் பூந்தோட்டத்துக்குப் போனாள். அங்கே மரங்களைச் சுற்றிப் போகும் தார்ப்பாதையில் காலையில் நிறையப் பேர் ஓடுவார்கள். முதல் நாள் ஒரு சுற்று. அந்த வாரமே மூன்று சுற்று. இரண்டு வாரத்தில் மூச்சு சீராகிவிட்டது. மனசுக்குள் அவளுக்குப் பதினெட்டு வயது. தினமும் தலைக்குத் துணி கட்டிய ஒரு பெண்மணி நடையோடு நடையாக மெல்ல ஓடிக்கொண்டிருப்பாள். அவளை முந்திப் போகும்போதெல்லாம் கனகேஸ்வரிக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

மூன்றாவது வாரம் வலது கால் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம் வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினாள். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். ஐந்தாவது வாரம் ஒரு காலை, இரண்டாவது சுற்றில் காலை ஊன்ற முடியாமல் பாதையிலிருந்த சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் துணி கட்டிய பெண் வந்து நின்றாள். பெயர் ஹமீதா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்காரி, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் வேலை.

"எங்க வலிக்குதுக்கா? காட்டுங்க."

கனகேஸ்வரி ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

ஹமீதாவின் முகம் மாறியது. "கையால தடவிக் காட்டியிருந்தா சதை வலின்னு விட்டிருப்பேன். நீங்க ஒரே விரல்ல காட்டுறீங்க. எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்லா."

எக்ஸ்ரேயில் தெரிந்தது, எலும்பில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது.

"எனக்கு மூச்சே வாங்கலயே ஹமீதா, அப்புறம் எப்படி?"

"அதுதான்கா மோசம். மூச்சு சீக்கிரம் திரும்பிடும். எலும்பு அப்படி இல்ல. இத்தனை வருஷம் நாற்காலியில உட்கார்ந்த எலும்பு அது. அதுக்கு மாசக்கணக்குல டைம் குடுக்கணும். இந்தச் சப்பாத்தையும் தூக்கிப் போடுங்க, அடி மெலிசு, தரையெல்லாம் கால்லதான் இடிக்குது."

பதினெட்டு வருடம் ஓடாமல் இருந்தவளுக்கு அந்த எட்டு வாரத்தைக் கடப்பது பெரும்பாடாக இருந்தது. பஸ் கர்னி டிரைவ் சாலை வழியாகப் போனால் கடலோரம் ஓடுகிறவர்களைக் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தாள். அலுவலகத்தில் டைப் அடிக்கும்போது மேசைக்கடியில் கால் தானாகத் தாளம் போட்டது. மழை பெய்து விட்ட காலையில் ஈரத் தார் வாசனை வந்தால் சோறு இறங்கவில்லை. அப்புத்துரை அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போய், அடி தடித்த நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். "இன்னும் மூணு வாரம் இருக்கு. பெட்டியிலயே இருக்கட்டும்" என்றார்.

எட்டு வாரம் முடிந்ததும் ஹமீதா போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லாமல் ஒரு வாரம் போனால்தான் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். பேசிக்கொண்டே ஓட முடியாத வேகம் கூடவே கூடாது.

முதல் வாரம் அவள் நடை நிமிடத்தில் இருந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறேழு பேர் பின்னாலிருந்து வந்து அவளைக் கடந்தார்கள். சடைகள் முதுகில் துள்ளின. அந்த ஓட்டம் அவளுக்குத் தெரியும். குதிகால் தரையில் படாத ஓட்டம். அவள் கால்கள் கேட்காமலே வேகம் எடுத்தன. நாலு எட்டு வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து, மீதி நாற்பது நொடியையும் நடந்தே தீர்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பந்தயத்திலும் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை என்று பிறகு ஹமீதாவிடம் சொன்னாள்.

நாலு மாதத்தில் நடை இல்லாமல் அரை மணி நேரம் ஓட முடிந்தது. அடுத்த வருடக் கடைசியில் ஊரில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஹமீதாவும் அவளும் பேசிக்கொண்டே ஓடி, ஒரு மணி பதினான்கு நிமிடத்தில் முடித்தார்கள். மறுநாள் காலில் ஒரு வலியும் இல்லாமல் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கால் அவளைப் படுத்தவே இல்லை.

ஆனாலும் அவள் தேடிப் போனது அது மட்டுமல்ல. நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு தடவை கேட்டாள்:

"அந்தப் பழைய வேகம் எப்ப வரும் ஹமீதா?"

"வராதுக்கா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

இரண்டு பேரும் இன்னொரு சுற்று ஓடினார்கள். பிறகு ஹமீதா சொன்னாள்: "உடம்பு நல்லா சூடானப்புறம், புல்தரையில, ஒரு இருபது எட்டு வேகமா ஓடிப் பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை. அதுக்கு மேல வேணாம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எல்லாம் முடிந்த பிறகு கனகேஸ்வரி புல்தரைக்குப் போவாள். அப்புத்துரை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவள் ஓட ஆரம்பித்ததும் பேப்பரை இறக்கிவிடுவார். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது எட்டில் காதுக்குள் காற்று இரையத் தொடங்கும். உடம்பின் பாரமே இல்லாமல் போகப் போவதுபோல இருக்கும். அதற்குள் இருபது வந்துவிடும். அவள் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பி நடந்து வருவாள்.

"என்ன, கிடைச்சுதா?" என்பார் அவர்.

"கிட்ட வந்துச்சுங்க" என்பாள்.